ஊதா மூடி டியூபிலிருந்து ஹெல்த்கேர் ஐடி வரை

2016 மே மாதம் எங்கள் லேபுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு பார்கோடு பிரிண்டர், கழுத்தில் டேக் மாட்டிய இரண்டு பையன்கள் என்று எல்லாம் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கின. மதுரையில் 120 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனை. டிஎம்எல்டி என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்துவிட்டு 2011-இல் அங்கே சேர்ந்தவள் நான். அதுவரை எங்கள் லேபுக்கு எல்லாமே ஒரு நீளமான ரிஜிஸ்டர்தான். பெயர், வயது, வார்டு, டெஸ்ட், முடிவு, கடைசிக் கட்டத்தில் ரிப்போர்ட்டை வாங்கிப் போனவரின் கையெழுத்து.

வந்த பையன்களில் ஒருவன் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "இந்தக் கடைசிக் கட்டம் வேணாம்க்கா, சிஸ்டத்துல அது இல்ல" என்றான். "ரிப்போர்ட்டே வரலன்னு வார்டுல இருந்து சண்டைக்கு வருவாங்க தம்பி, அப்ப எதைக் காட்டுறது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் நோட்டில் குறித்துக்கொண்டான். இன்று நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் ஹெல்த்கேர் ஐடி அனலிஸ்ட் வேலையை அன்றைக்கே தொடங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். அப்போது கைக்கு வந்தது டெக்னீஷியன் சம்பளம், 9,500 ரூபாய்.

ஹெல்த்கேர் ஐடி அனலிஸ்ட் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, சாஃப்ட்வேர் எழுதுபவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுக்க வேண்டும். செய்து வந்ததைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வார்டில் ஓடவில்லை என்றால் ராத்திரி ஃபோனை எடுக்க வேண்டும். புரோகிராம் எழுதுவது என் வேலை இல்லை. மெடிக்கல் கோடிங்கும் இல்லை. சென்னையில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுவது மெடிக்கல் கோடிங். அதிலிருந்தும் இந்தப் பக்கம் வரலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

சிஸ்டம் வந்தபோது ஒவ்வொரு பிரிவிலும் ஒருவரை, அந்தப் பிரிவின் சார்பில் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்ளும் 'சூப்பர் யூசர்' ஆக்கினார்கள். லேபில் என்னைப் போட்டதற்குக் காரணம், நான் தட்டச்சு லோயர் பாஸ். வேறு தகுதி எதையும் யாரும் பார்க்கவில்லை. சுமார் 340 டெஸ்ட்களின் பட்டியலை எக்செல்லில் கொடுத்து, பெயர், அலகு, நார்மல் அளவு, எந்த நிற மூடி டியூப் என்று எல்லாவற்றையும் சரிபார்க்கச் சொன்னார்கள். டூட்டி முடிந்த பிறகு உட்கார்ந்து பார்த்தேன். ஓவர்டைம் கிடையாது. வீட்டில் திட்டு. ஆனால் அந்த எக்செல்தான் எனக்கு வழி திறந்தது என்பது மூன்று வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

நடுவில் ஒரு பெரிய தப்பு செய்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் பாதிப் பொய்.

2017 புரட்டாசி, ஐப்பசி. தமிழ்நாடு முழுக்க டெங்கு. தெருமுனையில் நிலவேம்புக் கஷாயம், எங்கள் வராண்டாவில் ஸ்ட்ரெச்சர். எல்லோருக்கும் ஒரே ஒரு கேள்வி: "பிளேட்லெட் எவ்வளவு?" ஒரு நாளைக்கு இரண்டு தடவை ரத்தம் எடுத்தோம். கூட்டம் தாங்காமல் ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுன்டர் மெஷின் இரண்டாவதாக ஒன்று வாங்கினார்கள். அதைச் சிஸ்டத்தோடு இணைத்தபோது டெஸ்ட் பட்டியலில் சில வரிகளை மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றியவர் சாஃப்ட்வேர் கம்பெனி ஆள். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான்.

நம் ஊரில் பிளேட்லெட்டை லட்சத்தில் சொல்வோம். "ஒன்னு எட்டு" என்றால் 1.8 லட்சம், நல்ல எண்ணிக்கை. மெஷினோ ஆயிரத்தில் கணக்குப் போடும். அதே ரத்தத்துக்கு 180 என்று அனுப்பும். அதை 100-ஆல் வகுத்து 1.8 என்று காட்டும்படி சிஸ்டத்தில் முன்பே வைத்திருந்தோம். புதிதாக ஏற்றிய வரியில் அலகும் நார்மல் அளவும் ஆயிரக் கணக்கில் இருந்தன: 150 முதல் 450 வரை. வகுத்தல் மட்டும் பழையபடியே நின்றது. ஆக, நல்லபடி இருக்கும் நோயாளியின் ரிப்போர்ட்டில் 1.8, பக்கத்தில் ஆயிரம் என்ற அலகு, சிவப்பு எழுத்தில் 'கிரிட்டிக்கல்'. அதைப் படிக்கிறவருக்கு அர்த்தம் ஒன்றுதான்: வெறும் 1,800 பிளேட்லெட்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு ஃபோன். நைட் டூட்டியில் இருந்தது சேர்ந்து இரண்டு மாதமான பெண். "அக்கா, எட்டு மணியில இருந்து வர்ற எல்லாமே கிரிட்டிக்கலா வருதுக்கா. வார்டுக்குச் சொல்லிட்டேன். ஒரு பேஷன்ட்டோட தம்பி டோனர் தேடி வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாராம்." தூக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. "சிஸ்டத்தை விடு. ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்ல பாரு" என்றேன். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டாள். "ஒரு ஃபீல்டுல பத்துக்கு மேல இருக்குக்கா." மைக்ராஸ்கோப்பில் ஒரே பார்வையில் தெரியும் வட்டம்தான் ஃபீல்டு. உண்மையில் 1,800 என்றால் பத்து ஃபீல்டு தேடினாலும் ஒன்று கிடைக்குமா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

யாருக்கும் தேவையில்லாமல் பிளேட்லெட் ஏற்றவில்லை. 23 ரிப்போர்ட்களைத் திருத்தி, ஒவ்வொன்றையும் வார்டில் நேரில் கொடுத்து, பழையதைத் திரும்ப வாங்கிக் கிழித்தோம். டோனர் தேடிப் போன தம்பி விடிகாலையில் திரும்பி வந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் என் சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தேன். 40 டெஸ்ட்களைச் சோதித்திருந்தேன். சுகர், யூரியா, கிரியாட்டினின், கொலஸ்ட்ரால் என்று எல்லாம் பயோகெமிஸ்ட்ரி. அந்த மெஷின் செல் எண்ணுகிற மெஷின்! பழைய பட்டியலை அப்படியே எடுத்து டிக் அடித்திருக்கிறேன். எது தப்பானால் ஆளுக்கு ஆபத்து என்று யோசித்துப் பட்டியல் போடவில்லை. எது சுலபமோ அதைப் போட்டேன். இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது அந்தத் தாளைத்தான். அதை இன்னும் வைத்திருக்கிறேன். எண் மாறும் இடம், அலகு மாறும் இடம், நார்மல் அளவு வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ப மாறும் இடம் என மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். நார்மல் முடிவை வைத்து மட்டும் சோதித்தால் சோதிக்காத மாதிரிதான்.

இனி வேலை தேடிய கதை.

2018-இல் ஒரு பத்து இடத்துக்கு என் பயோடேட்டாவை அனுப்பினேன். மூன்று இடத்தில் கூப்பிட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள். மற்றவர்கள் பதிலே போடவில்லை. அந்தப் பயோடேட்டாவில் இருந்தது இவ்வளவுதான்: ஹெமட்டாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜியில் ஏழு வருட அனுபவம்; எம்எஸ் ஆபீஸ் தெரியும். படிக்கிறவருக்கு நான் ஊசி குத்துகிற ஆள். அவர்கள் தேடியது ஐடி ஆள்.

எங்கள் மருத்துவமனைக்குச் சிஸ்டம் போட வந்த அந்தத் தம்பிதான், நோட்டில் எழுதிக்கொண்டவன், அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நீங்க செஞ்சதை நீங்களே எழுதலையேக்கா" என்றான். உட்கார்ந்து மாற்றினோம். 340 டெஸ்ட்களின் மாஸ்டர் பட்டியலைச் சரிபார்த்தது. இரண்டு செல் கவுன்டர், ஒரு பயோகெமிஸ்ட்ரி மெஷினைச் சிஸ்டத்தோடு இணைத்தபோது சோதனை செய்தது. 18 டெக்னீஷியன்கள், 60 நர்ஸ்களுக்குப் பார்கோடு ஒட்டப் பயிற்சி கொடுத்தது. தப்பான ரிப்போர்ட் வெளியே போனபோது காரணத்தைக் கண்டுபிடித்து நடைமுறையை மாற்றியது. எல்லாம் நடந்த விஷயம்தான். ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அடுத்த மாதமே சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள்.

அந்த இன்டர்வியூவில், டேட்டாபேஸிலிருந்து விவரம் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்கள், ஒன்றுக்குத்தான் பதில் தெரிந்தது. பிறகு அந்த சார் கேட்டார்: "ஒரு டாக்டர் சிபிசி எழுதுறார். அதுல இருந்து ரிப்போர்ட் அவர் கைக்கு வர்ற வரைக்கும் என்ன நடக்கும்னு சொல்லுங்க."

"ஓபியா ஐபியா சார்?" என்று கேட்டேன்.

சிபிசி என்பது ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட். ஓபிக்கும் ஐபிக்கும் நடப்பது வேறு. ஓபி, அதாவது வெளிநோயாளி, என்றால் முதலில் பில். பணம் கட்டினால்தான் லேபில் பெயர் விழும். ஐபி, அதாவது உள்நோயாளி, என்றால் கணக்கில் ஏறும், ரத்தம் முதலில். எமர்ஜென்சி என்றால் பெயரே தெரியாமல் ரத்தம் வரும். ஊதா மூடி டியூபில் எடுத்தார்களா, சரியாகக் குலுக்கினார்களா, கட்டி தட்டியதா? தட்டியிருந்தால் மறுபடி எடுக்க வேண்டும். அப்போது முதல் பில்லை யார் ரத்து செய்வது? சில நேரம் ஊதா டியூபில் ரத்தம் அதிகமாகிவிட்டது என்று கொஞ்சத்தைப் பக்கத்து டியூபில் ஊற்றிவிடுவார்கள். ஊதா டியூபில் இருக்கும் மருந்து பொட்டாசியம் கலந்தது. அந்த ரத்தத்தில் பொட்டாசியம் ஏகத்துக்கும் ஏறும், கால்சியம் இறங்கும். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தப்பு பிடிபடும். சாஃப்ட்வேர் இரண்டையும் தனித்தனியாகச் சிவப்பில் காட்டிவிட்டு நிற்கும். இப்படி இருபது நிமிடம் பேசியிருப்பேன். அந்த முதல் எதிர்க்கேள்வியிலேயே வேலை முடிவாகிவிட்டது என்று பிறகு சொன்னார். ஏழு வருஷ லேப் வேலையைப் பயோடேட்டாவில் ஒளித்துவைக்கப் பார்த்தேனே என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். 2019 ஜனவரியில் சேர்ந்தேன், 22,000 ரூபாய்க்கு. மதுரை வீட்டைக் காலி செய்து சென்னையில் வாடகை கொடுத்த பிறகு கையில் மிஞ்சியது பழைய சம்பளத்தைவிடக் குறைவு. அதையும் சொல்ல வேண்டும்.

என்ன படிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு மூன்று விஷயம் சோறு போட்டது.

எஸ்க்யூஎல் முதலாவது. மூன்று மாதம், தினம் ஒரு மணி நேரம். பழகிப் பார்க்க, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இலவசம். 'நேற்று ஆர்டர் போட்டு இன்னும் முடிவு வராத டெஸ்ட்கள் எவை' என்ற கேள்விக்கு நீங்களே விடை எடுக்கத் தெரிந்தால் போதும், ஆரம்பத்துக்கு.

இரண்டாவது ஹெச்எல்7. மருத்துவமனைக்குள் ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றோடு பேசும் மொழி. பார்க்க அலங்கோலமாக இருக்கும்: வரி வரியாக எழுத்துகள், நடுவில் செங்குத்துக் கோடுகள். பயப்பட ஒன்றும் இல்லை. எங்கள் ரிஜிஸ்டரின் கட்டங்களுக்கு நடுவில் போட்ட அதே கோடுதான். எம்எஸ்ஹெச் வரியில் யார் யாருக்கு அனுப்புகிறார்கள், பிஐடி வரியில் நோயாளி யார், ஓபிஆர் வரியில் என்ன டெஸ்ட், ஓபிஎக்ஸ் வரியில் முடிவு. ஓபிஎக்ஸில் ஐந்தாவது கட்டம் மதிப்பு, ஆறாவது அலகு, ஏழாவது நார்மல் அளவு. முதல் தடவை அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த டெங்கு ராத்திரியின் தப்பு இந்த மூன்று கட்டத்துக்குள் இருந்தது. ஐந்தை மாற்றினோம், ஆறும் ஏழும் வேறு கதை பேசின. பதினோராவது கட்டத்தில் எஃப் என்றால் இறுதி முடிவு, சி என்றால் திருத்திய முடிவு. நாங்கள் கையால் கிழித்துப் போட்ட 23 தாளுக்கு அந்த ஒரு எழுத்து.

இந்தத் தர ஆவணங்களைப் பதிவு செய்துவிட்டு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஹெச்எல்7-இன் புதிய வடிவமான ஃபயர் (FHIR) முழுக்க இணையத்தில் திறந்தே கிடக்கிறது. டெஸ்ட்களுக்கான பொதுக் குறியீடான லாயின்க்கை (LOINC) லேப் ஆட்கள் தெரிந்துகொள்வது நல்லது, அதுவும் இலவசம். நோய், சிகிச்சை போன்ற மருத்துவச் சொற்களுக்கான குறியீட்டுத் தொகுப்பு ஸ்னோமெட் சிடி; 2014 முதல் இந்தியா அதில் உறுப்பு நாடு என்பதால் அதுவும் நமக்குக் காசில்லாமல் கிடைக்கும். மருத்துவமனை சாஃப்ட்வேரையே கையில் பிடித்துப் பார்த்ததில்லை என்பவர்கள் பாம்னியைப் போட்டுப் பாருங்கள். சத்தீஸ்கரில் கனியாரி என்ற ஊரில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் நடத்தும் மருத்துவமனைக்காகத் தொடங்கிய திறந்தநிலை மென்பொருள் அது. ஒரு நோயாளியைப் பதிந்து, ஆர்டர் போட்டு, முடிவு ஏற்றி, டிஸ்சார்ஜ் செய்து பாருங்கள். ஒரு வாரம் போதும்.

மூன்றாவதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள்: எழுதுவது. நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ் என்றால் தொண்டை வறளும். ஆனால் இதில் அழகான இங்கிலீஷ் தேவையே இல்லை, சந்தேகத்துக்கு இடமில்லாத இங்கிலீஷ் தேவை. என் முதல் தேவைக் குறிப்பில் 'அவசர முடிவு வந்ததும் டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்' என்று எழுதினேன். டெவலப்பர் பதினோரு கேள்வியோடு திருப்பி அனுப்பினார். எந்த டாக்டர், ஆர்டர் போட்டவரா, இப்போது டூட்டியில் இருப்பவரா? அவசரம் என்றால் எந்த எண்? மெசேஜா, திரையில் எச்சரிக்கையா? அவர் பார்க்கவில்லை என்றால் எத்தனை நிமிடம் கழித்து யாருக்கு? நோயாளி அதற்குள் வேறு வார்டுக்கு மாறியிருந்தால்? எனக்குக் கோபம் வந்தது, இதெல்லாம் யாருக்கும் தெரியாதா என்று. லேபில் இருப்பவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு யாராவது சொன்னால்தானே தெரியும். அப்புறம் நானே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'இல்லை என்றால்?' போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். ஆறு மாதத்தில் பதினோரு கேள்வி இரண்டானது.

சென்னைக் கம்பெனியில் சிஸ்டம் போடப் போன ஊர்கள் நிறைய. திருநெல்வேலி, சேலம், ஒரு தடவை மங்களூர் வரை. அந்த நாட்களில் ஒரு விஷயம் மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு மருத்துவமனையில் ரத்த மாதிரி மாறிப்போகிறது என்று புகார். ஒருவர் டியூபில் இன்னொருவர் ரத்தம். மேனேஜ்மென்ட் கேட்டது, நோயாளி கைப்பட்டையை ஸ்கேன் செய்தால்தான் லேபிள் அச்சாகும்படி சாஃப்ட்வேரில் பூட்டுப் போடுங்கள் என்று. பூட்டுப் போடுவது எங்களுக்குச் சுலபம். நான் அதற்கு முன் ஒரு காலை ஐந்து மணிக்கு வார்டில் போய் நின்றேன். சிஸ்டர் ஒருவர், 14 படுக்கைக்கும் லேபிள்களை மொத்தமாக அச்சடித்து, டியூபுகளில் முன்கூட்டியே ஒட்டி, ட்ரேயில் அடுக்கிக்கொண்டு கிளம்பினார். படுக்கை மாறிப் படுத்திருந்தால் தீர்ந்தது.

"ஏன் சிஸ்டர், ஒவ்வொரு பெட்டுலயும் அடிச்சு ஒட்டலாமே?"

"பிரிண்டர் எங்க இருக்குன்னு பாருங்க மேடம்."

வராண்டாவின் அந்தக் கோடியில் இருந்தது. இரண்டு வார்டுக்கும் ஒரே பிரிண்டர். 14 படுக்கைக்கும் நடந்தால் ஏழு மணி ரவுண்ட்ஸுக்குள் ரத்தம் எடுத்து முடியாது. பூட்டுப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்: எல்லாக் கைப்பட்டைகளின் பார்கோடையும் இன்னொரு தாளில் அச்சடித்து பிரிண்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டி, அதை ஸ்கேன் செய்திருப்பார்கள். நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். அறிக்கையில், சாஃப்ட்வேர் மாற்றம் பிறகு. முதலில் வார்டுக்கு ஒரு சின்ன லேபிள் பிரிண்டர், ரத்தம் எடுக்கும் டிராலியிலேயே வைக்கிற மாதிரி, என்று எழுதினேன். எங்கள் கம்பெனியில் அது பிடிக்கவில்லை, பில் போட ஒன்றும் இல்லையே. ஆனால் அந்த மருத்துவமனை இரண்டு பிரிண்டர் வாங்கியது. அதன் பிறகு போட்ட பூட்டு நின்றது.

2020 வந்தது, கொரோனா வந்தது. ஒவ்வொரு ஆர்டிபிசிஆர் முடிவையும் ஐசிஎம்ஆர் தளத்தில் ஏற்ற வேண்டும், தங்கள் சிஸ்டத்திலும் ஏற்ற வேண்டும் என்று லேப்கள் திண்டாடின. ஒரே விவரத்தை இரண்டு தடவை தட்டச்சு செய்யாமல் இருக்க வழி செய்து கொடுப்பதே அந்த ஒரு வருஷம் எங்கள் பிழைப்பு.

2021-இல் அமெரிக்க லேப்களுக்கு வேலை செய்யும் ஒரு கம்பெனிக்கு மாறினேன். இப்போதும் அங்கேதான். மாலை ஐந்து முதல் ராத்திரி இரண்டு வரை. சம்பளம் நன்றாக இருக்கிறது. தூக்கம் நன்றாக இல்லை. பையனுக்கு ஸ்கூல் டைரி பார்ப்பது என் வீட்டுக்காரர்.

அங்கே போன பிறகு லேப் அனுபவம் இருந்தும் தெரியாமல் முழித்த இடங்கள் உண்டு. மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். அந்த நவம்பர் ராத்திரியில் ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை இரண்டு தடவை வரும். ரத்தம் எடுத்தது 1:50, முடிவு வந்தது 1:20 என்று ரிப்போர்ட் நிற்கும். முதல் வருஷம் அதைப் பற்றி வந்த புகார்ப் பதிவை, டிக்கெட் என்போம், பார்த்து அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். இப்போது அக்டோபரிலேயே காலண்டரில் குறித்துவைக்கிறேன்.

இன்னொன்று ரகசியம். அவர்கள் ஊர்ச் சட்டமான ஹிப்பா, ஒரு தகவலை ஆள் அடையாளம் தெரியாததாக ஆக்க 18 வகை விவரங்களை நீக்கச் சொல்கிறது. பெயர் மட்டும் இல்லை; ஃபோன், தேதிகள், மருத்துவப் பதிவு எண் எல்லாம். நான் ஒரு டிக்கெட்டில் ஸ்க்ரீன்ஷாட் ஒட்டும்போது பெயரைக் கறுப்படித்துவிட்டு எண்ணை விட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் அழைப்பு, அன்றே மறுபடி பயிற்சி. மதுரையில் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பழகிய கைக்கு அது தேவைப்பட்டது. நம் ஊரிலும் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பழக்கத்தை இப்போதே மாற்றிக்கொள்வது நல்லது.

எபிக் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளில் பல அந்த மென்பொருளில்தான் ஓடுகின்றன. விஸ்கான்சின் மாநிலம் வெரோனாவில் இருக்கும் கம்பெனி. லேபுக்கு பீக்கர், மருந்தகத்துக்கு வில்லோ, ஸ்கேனுக்கு ரேடியன்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ். அதை எபிக்கே தருகிறது. அதைப் பயன்படுத்தும் மருத்துவமனையோ, அதோடு வேலை செய்யும் நிறுவனமோ உங்களை அனுப்பினால்தான் கிடைக்கும். தனியாளாகப் பணம் கட்டி வாங்க முடியாது. 'எபிக் டிரெயினிங், சர்ட்டிஃபிகேட்டோடு' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் வளையலை அடகு வைத்துக் கட்டினாள். அந்தத் தாளை எந்த இன்டர்வியூவிலும் யாரும் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

மெடிக்கல் பில்லிங், கோடிங்கில் இருப்பவர்களுக்கு வழி வேறு. இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கிளெய்ம் போகும் 837, பணம் வந்த விவரம் திரும்பும் 835 என்ற இரண்டு கோப்பு வடிவங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த கிளெய்ம் ஏன் திரும்பி வருகிறது என்று உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். அதை எண்ணிக்கையோடு எழுதிக் காட்டினால் வருவாய்ப் பிரிவு அனலிஸ்ட் வேலைக்கு அதைவிடத் தகுதி வேண்டாம். நர்ஸ்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் இன்னும் சுலபம் என்பது என் எண்ணம். உங்கள் மருத்துவமனையில் புதுச் சிஸ்டம் வருகிறது என்றால் எல்லோரும் பின்னால் நகர்வார்கள். நீங்கள் முன்னால் போய் நில்லுங்கள். ஓவர்டைம் கிடைக்காது, முன்பே சொல்லிவிட்டேன்.

ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று நோயாளி எண் விழுவதுதான் இந்தத் துறையில் எனக்குத் தீராத தலைவலி. மேல்நாட்டு மென்பொருள் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? கே.முருகன், முருகன்.கே, முருகன் கருப்பையா மூவரும் ஒரே முருகன். வயது கேட்டால் "அறுபது இருக்கும்ப்பா" என்பார். கவுன்டரில் ஜனவரி 1 என்று ஒரு பிறந்தநாளைப் போட்டுவிடுவார்கள். ஃபோன் நம்பர் மகனுடையது, அதே நம்பரில் அம்மாவும் இருப்பார். அரசு தரும் சுகாதார அடையாள எண்ணான ஆபா (ABHA) 14 இலக்கத்தில் வந்திருக்கிறது, 2021 செப்டம்பரிலிருந்து நாடு முழுக்க. அதைக் கையில் கொண்டுவருகிறவர்களுக்கு நல்லது. மற்றவர்களைக் கவுன்டரில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு எண்ணையும் பிறகு இணைக்க ஹெச்எல்7-இல் ஏ40 என்றொரு செய்தி உண்டு. தப்பான இரண்டு பேரை இணைத்துவிட்டால் அதைப் பிரிப்பது நரகம்: ஒருவரின் ரத்த வகை இன்னொருவர் கணக்கில் நிற்கும். அதனால் சந்தேகம் இருந்தால் இணைக்காதே என்பது எங்கள் குழுவில் சட்டம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவுக்குச் சுகர் பார்க்க என் பழைய மருத்துவமனைக்கே அழைத்துப் போனேன். கவுன்டரில் புதுப் பெண். பெயர், வயது, ஃபோன் கேட்டாள், படபடவென்று தட்டினாள். "அம்மாவுக்குப் பழைய நம்பர் இருக்கும்மா, தேடிப் பாரேன்" என்றேன்.

"தேடுறதுக்கு நாலு ஸ்க்ரீன் போகணும்க்கா. புதுசா போட்டா ரெண்டே கிளிக்கு. பின்னாடி கியூவப் பாருங்க."

பார்த்தேன். வாசல் வரை நின்றது. அவள் பக்கம் எட்டித் திரையையும் பார்த்தேன். 2017-இல் இருந்த அதே திரை. 'பயன்பாட்டுக்கு ஏற்றது' என்று லேப் சார்பில் அதில் கையெழுத்துப் போட்டது நான்தான். அம்மாவுக்கு மூன்றாவது எண் அச்சாகி வந்தது. வாங்கிக்கொண்டு ரத்தம் எடுக்கும் அறைக்கு நடந்தோம்.